சலமாந்தர்: நின்றுபோன ஓர் இளங்குதிரைப் பந்தயம்

பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து ஓய்வூதியம் பெறுகின்றவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் ‘சொல்தா’ என்று அழைப்பர். சேதராப்பட்டில் நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த காலத்தில் அத்தகைய பெரியவர் ஒருவர் நமக்குப் பழக்கமானார். அல்ஜீரியாவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். அவர் வீட்டுத் திண்ணையில் பழைய பிரெஞ்சு நாளேடுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அரசியல் பக்கங்களை அவர் புரட்டுவதில்லை; குதிரைப் பந்தயப் பக்கங்களை மட்டும் வரி விடாமல் வாசிப்பார். பணம் வைத்து ஆடியவரல்லர். குதிரைகளின் பெயரும் வம்சமும் அவருக்கு மனப்பாடம்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள் அவர் கிழிந்த தாள் ஒன்றைக் கொணர்ந்து, அதில் ஒரு பெயரின்மீது விரலை வைத்து, “தம்பி, இது உங்கள் அரபிச் சொல்போல இருக்கிறதே, என்ன பொருள்?” என்று வினவினார். நமக்குப் பிரெஞ்சு தெரியாது. அவரே படித்துக் காட்டினார். அப்பெயர் ‘அல்ஜப்ர்’. முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதை அரபியர் ‘ஜப்ர்’ என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் கணித நூலுக்கு அச்சொல்லைப் பெயரில் வைத்தார். அதுவே ஐரோப்பியர் நாவில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. இவ்வளவும் சொன்னோம். பெரியவர் மகிழ்ந்தார். “எலும்பு கட்டுகிறவன் சலமாந்தரில் ஜெயித்திருக்கிறான்” என்றார். அப்பந்தயத்தின் பெயரை நாம் கேட்டது அதுவே முதல் தடவை.

அன்று தொடங்கிய ஆர்வத்தால் அதைப்பற்றிச் சிறுகச் சிறுகத் தேடினோம். நாம் தேடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே அந்தப் பந்தயம் இல்லாமற் போயிற்று. 1872இல் தொடங்கி, வலிமையும் புகழும் குன்றாதிருந்த நிலையில், ஒரு நாட்காட்டித் திருத்தத்தால் மறைந்த அதன் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

முதலில் அதன் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் ‘பிரி த லா சலமாந்தர்’ என்பது முழுப்பெயர். ‘பிரி’ என்றால் பரிசு. சலமாந்தர் என்பது தவளையினத்தோடு சேர்ந்த, பல்லியைப் போன்ற ஓர் உயிர். அது நெருப்பில் வேகாது என்று பழங்கால மக்கள் நம்பினர். பிரான்சை ஆண்ட முதலாம் பிரான்சுவா மன்னர் அதனையே தம் இலச்சினையாகக் கொண்டிருந்தார். அரபி நூல்களிலும் இவ்வுயிர் உண்டு. அங்கு இதன் பெயர் ‘சமந்தல்’. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரீ அவர்கள் உயிரினங்களைப் பற்றித் தொகுத்த ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் சமந்தலுக்குத் தனி இடம் தந்திருக்கின்றார். இந்தியாவிலும் சீனத்திலும் வாழும் பறவையாக அதனைக் காட்டி, அதன் இறகால் நெய்த துணி அழுக்கடைந்தால் தீயிலிட்டுத் தூய்மை செய்வர் என்ற செய்தியையும் சேர்த்திருக்கின்றார். இதன் மர்மத்தை அவிழ்த்தவர் மார்க்கோ போலோ. சலமாந்தர் என்பது உயிரே அன்று, மலையில் வெட்டியெடுக்கும் நாருடைய கல். அந்நாரால் நெய்த துணியே தீயில் வெளுப்பது என்று, ஸுல்ஃபிகார் என்ற துருக்கியத் தோழர் தமக்கு விளக்கியதாக அவர் எழுதி வைத்தார். இன்று நாம் கல்நார் என்பதும் அதையே.

அதே மார்க்கோ போலோ நம் நாட்டுக்கும் வந்தவர் என்பதை வாசகர்கள் அறிவர். மஅபர் என்று அரபியர் அழைத்த சோழமண்டலக் கரையில் அவர் வியந்த செய்திகளுள் ஒன்று குதிரை. இங்குள்ள அரசர்கள் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் குதிரைகளை வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு நிற்பதில்லை, பேணத் தெரிந்தவர் இல்லை என்கிறார் அவர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் பெரியது. காயல் முதலான துறைகளுக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார்! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வாணிகம் பெரிது என்பதில் ஐயமில்லை. நீர்வழியாகக் குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே பேசுகின்றது. குதிரை வீரரைக் குறித்த ‘ராவுத்தர்’ என்னும் சொல் இன்றும் நம்மவருள் ஒரு பெரும் பிரிவினரின் பெயராக நிற்கின்றது.

கிழக்கே வந்த குதிரை போரிலும் கொட்டடியிலும் மடிந்தது. மேற்கே போன குதிரையோ ஒரு புதிய இனத்துக்கே தந்தையாயிற்று. ‘தரோபிரெட்’ எனப்படும் பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் போய் முடிகின்றன. 1680களில் இங்கிலாந்தின் படைத்தலைவர் பையர்லி ஏறி வந்த துருக்கிக் குதிரை ஒன்று. 1704இல் ஹலப் நகரில் தாமஸ் டார்லி என்ற வணிகர் வாங்கிக் கப்பலேற்றியது மற்றொன்று. மூன்றாவது, பிரான்சு வழியாக இங்கிலாந்து சென்று கொடால்ஃபின் பிரபுவின் இலாயத்தில் நிலைத்தது. பாரிஸ் தெருக்களில் அது தண்ணீர் வண்டி இழுத்தது என்று ஒரு கதை உண்டு. கதை சுவையானது, நம்புவதற்குச் சான்று போதாது. இன்று உலகிலுள்ள ஆண் தரோபிரெட்டுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஹலப் குதிரையின் வழிவந்தவை என்பது மரபணு ஆய்வாளர் கூற்று. துருக்மானியக் குதிரையின் இரத்தமும் இவற்றில் கலந்திருப்பதை அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, ‘அரபுக் குதிரையே எல்லாம்’ என்று நாம் பெருமை பேசுவதிலும் கொஞ்சம் அடக்கம் வேண்டியிருக்கிறது.

இனம் அரபு நாட்டிலிருந்து போயிற்று. ஆனால் இளங்குதிரையைப் பந்தயத்தில் விடும் வழக்கம் அங்கிருந்து போகவில்லை. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். அரபி மொழி குதிரையின் வயதை ஆண்டுக்கு ஒரு பெயரிட்டு அளந்தது. பிறந்த குட்டி முஹ்ர். ஓராண்டினது ஹவ்லீ. இரண்டு முடிந்தது ஜதஃ, மூன்று முடிந்தது ஸனிய்யு, நான்கு முடிந்தது ரபாஉ. ஐந்து முடிந்து பல் முழுதும் வளர்ந்ததே காரிஹ். அதுவே முழுக் குதிரை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். பயிற்சியால் உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவே. அபூதாவூத் தொகுப்பில் உள்ள மற்றோர் அறிவிப்பின்படி, வயது முதிர்ந்த காரிஹ் குதிரைகளுக்கு எல்லை தூரமாக வைக்கப்பட்டது. தாங்கும் அளவுக்கே தூரம் என்பது அங்கு விதி.

பயிற்சிக்கும் ஒரு முறை இருந்தது. முதலில் தீனி மிகுதியாகக் கொடுத்துக் கொழுக்க வைப்பர். பிறகு தீனியைக் குறைத்து, மூடிய இடத்தில் போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, சதை இறுகச் செய்வர். இதற்குத் தள்மீர் என்று பெயர். பந்தயத் திடலுக்கு ‘மிள்மார்’ என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. முதலில் வரும் குதிரை முஜல்லீ, அடுத்தது முஸல்லீ. முன்னதன் பின்புறத்தை ஒட்டித் தன் தலை நிற்க ஓடுவதால் அதற்கு அப்பெயர். பந்தயம் பேசும்போது பணயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஓடுவோர் தமக்குள் பொருள் வைத்துத் தோற்றவர் இழப்பது சூதாகும் என்பதும், வெளியார் தரும் பரிசு ஆகும் என்பதும் நம் சட்டவியலார் வகுத்த எல்லை. பந்தயத்தின்மேல் பணம் கட்டும் வாணிகம் இக்கட்டுரையின் பொருளன்று.

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளே நெடுந்தூரம் ஓடின. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் இரண்டு வயதுக் குதிரைகளைக் களத்தில் இறக்கினர். நியூமார்க்கெட் திடலில் 1786இல் தொடங்கிய ‘ஜூலை ஸ்டேக்ஸ்’ இன்றும் நடக்கும் இளங்குதிரைப் பந்தயங்களில் மிகப் பழையது. இதற்குக் காரணம் வேகத்தின்மேல் கொண்ட மோகம் மட்டுமன்று. குதிரை வளர்ப்பவர் ஐந்தாண்டு தீனி போட்டுக் காத்திருக்க விரும்பவில்லை. போட்ட முதல் சீக்கிரம் திரும்ப வேண்டும். எந்தக் குட்டி தேறும் என்பது சீக்கிரம் தெரிய வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வட நாடுகளில் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்பது ஏற்பாடு. ஜனவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது. ஆதலால் செப்டம்பரில் ஓடும் ‘இரண்டு வயது’க் குதிரைக்கு உண்மையில் இருபத்தெட்டு முதல் முப்பத்திரண்டு மாதம் வரை இருக்கும். முழங்கால் எலும்பு முற்றி மூடும் பருவம் ஏறக்குறைய அதுவே; முதுகெலும்பு முற்றுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இளமையில் அளவோடு ஓடிய குதிரையின் எலும்பு அதனால் உறுதிப்படுகிறது என்று கூறும் ஆய்வாளரும் உண்டு. எல்லாம் அந்த ‘அளவோடு’ என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் இந்த அளவை ஒரு படிக்கட்டாகக் கட்டினார்கள். அதைத்தான் நாம் வியக்கின்றோம். ஜூலையில் மெசோன்-லஃபீத் திடலில் ரொபேர் பப்பேன் பரிசு, தூரம் 1,100 மீட்டர். ஆகஸ்டில் கடற்கரை நகரமான தோவிலில் மோர்னி பரிசு, 1,200 மீட்டர். செப்டம்பரில் பாரிஸை அடுத்த லோன்ஷான் திடலில் சலமாந்தர், 1,400 மீட்டர். அக்டோபரில் அதே லோன்ஷானில் கிராந்த் கிரித்தேரியம், 1,600 மீட்டர். மாதம் ஒன்று ஏற ஏற, குட்டி வளர வளர, தூரமும் சிறிது சிறிதாக வளர்கின்றது. பிள்ளைகளுக்கு அலிஃப், பே தொடங்கி ஓதக் கற்பிக்கும் எவருக்கும் இந்த ஒழுங்கு விளங்கும். எழுத்தை அறியுமுன் வாக்கியத்தைக் கொடுத்தால் பிள்ளை ஓடிவிடும்.

இப்படிகள் ஒரே நாளில் கட்டப்பட்டவையல்ல. கிராந்த் கிரித்தேரியம் 1853இல் தோன்றியது. மூன்றாம் நெப்போலியனின் ஒருதாய் மக்களுள் ஒருவரும் தோவில் நகரை உருவாக்கியவருமான மோர்னி பிரபுவின் பெயரால் 1865இல் அடுத்தது. பிரஷ்யாவோடு நடந்த போர் 1871இல் முடிந்து, பாரிஸ் நகரம் முற்றுகையின் பசியிலிருந்து எழுந்த மறு ஆண்டு, 1872இல், சலமாந்தர் பிறந்தது. முற்றுகைக் காலத்தில் அந்நகர மக்கள் குதிரைகளை அறுத்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் என்பதை நினைத்தால், மறு ஆண்டே குதிரைக்குட்டிகளுக்குப் புதிய பரிசு வைத்தார்கள் என்பது வியப்பே. தொடக்கத்தில் ஷாந்தியி நகரின் திடலில் ஓடி, பின்னர் லோன்ஷானுக்கு மாறிற்று. பப்பேன் பரிசு 1892இல் வேறு பெயரில் தொடங்கி, 1946இல் இன்றைய பெயரை அடைந்தது. ஐரோப்பியப் பந்தயங்கள் தரவாரியாக 1971இல் வகுக்கப்பட்டபோது சலமாந்தர் முதல் தரத்தில் வைக்கப்பட்டது.

புதுச்சேரிக்கும் இதற்கும் தொடர்பு யாது என்று கேட்பவர்க்கு, நம் சொல்தாவே விடை. 1954 ஜனவரியில் பிரான்சில், முதல் மூன்று குதிரைகளை வரிசைப்படி சொல்லும் ‘தியெர்சே’ என்னும் பந்தயமுறை தொடங்கிற்று. ஞாயிறுதோறும் அந்நாடே அதில் மூழ்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கொடி மாறிய பின்னும் பிரெஞ்சுப் படையில் தொடர்ந்த நம்மவர் பலர், ஓய்வூதியத்தோடு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தையும் ஊருக்குக் கொணர்ந்தனர்.

இனி, சலமாந்தரை வென்ற குதிரைகளுள் சிலவற்றைப் பார்ப்போம்.

நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறி முடிப்பது அரிது. 1970இல் மை ஸ்வாலோ என்ற குதிரை அதைச் செய்தது. நியூமார்க்கெட்டிலிருந்து கடல் கடந்து வந்து நான்கையும் வென்று, அப்பருவத்தில் ஓடிய ஏழு ஓட்டங்களிலும் தோல்வியின்றித் திரும்பிற்று. பப்பேன் பரிசில் அது மயிரிழையில் வென்றது மில் ரீஃப் என்னும் குதிரையை. அடுத்த ஆண்டு நியூமார்க்கெட்டில் மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் ‘இரண்டாயிரம் கினி’ பந்தயத்தில் பிரிகேடியர் ஜெரார்டு முதலாகவும் மில் ரீஃப் இரண்டாவதாகவும் வர, மை ஸ்வாலோ மூன்றாவதாயிற்று. மில் ரீஃப் அவ்வாண்டே இங்கிலாந்தின் டெர்பியையும் பாரிஸின் ஆர்க் த திரியோம்ஃபையும் வென்றது. சிறுவயதில் முந்தியவன் பெரியவயதில் முந்துவான் என்ற உறுதி இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1976இல் பிளஷிங் குரூம். இது நான்காம் ஆகாகான் அவர்களின் குதிரை. பயிற்றியவர் பிரான்சுவா மத்தே. முதல் ஓட்டத்தில் தோற்று, பின்னர் நான்கு படிகளையும் வென்றது. 1978இல் ஐரிஷ் ரிவரும் 1990இல் ஹெக்டர் புரொடெக்டரும் முதற்படி நீங்கலாக மற்ற மூன்றையும் வென்றன. 1986இல் வென்ற மியெஸ்க் பெண்குதிரை. அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை 1987, 1988 என இரண்டாண்டு தொடர்ந்து வென்றது.

1991இல் வந்தது அராஸி. பெயரைக் கேட்டவுடன் நாம், நிலங்கள் என்று பொருள்படும் அரபிச் சொல்லாகக் கொண்டுவிட்டோம். சொல்தாவிடம் அவ்வாறே சொல்லியும் விட்டோம். பிறகு அறிந்தால், அதன் உரிமையாளர் ஆலன் பால்சன் விமானத் தொழிலில் இருந்தவர்; வானூர்திகள் வழி காண்பதற்காக வரைபடத்தில் குறிக்கும் புள்ளிகளின் பெயர்களைத் தம் குதிரைகளுக்கு இடுவது அவர் வழக்கம். அராஸி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வான்வழிப் புள்ளி ஒன்றின் பெயராம். அரபி கற்றவனுக்கு எல்லாப் பெயரும் அரபியாகவே கேட்கும் என்பதற்கு நாமே சான்று.

சிறிய உடல் கொண்ட அந்தக் குதிரை நான்கு படிகளையும் ஏறியது, அதோடு நிற்கவில்லை. நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் கென்டக்கிக்கு அனுப்பப்பட்டு, பழக்கமில்லாத மண்தரையில், ஏறக்குறைய எல்லாக் குதிரைகளுக்கும் பின்னிருந்து புறப்பட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி, ஐந்து குதிரை நீள அளவுக்கு முன்னே வந்து வென்றது. அந்த ஓட்டத்தைக் கண்டவர் இன்றும் பேசுகின்றனர். அக்குளிர்காலத்திலேயே அதன் இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 1992 மே மாதம் கென்டக்கி டெர்பியில் எட்டாவதாக வந்தது. பிறகும் சில வெற்றிகள் உண்டு. முந்தைய அராஸி திரும்பவில்லை. ஐந்தாம் படி என்று ஒன்றைச் சேர்த்ததே வினையாயிற்று என்பார் பலர். முழங்காலில் முன்னரே இருந்த குறை என்பாரும் உளர். நமக்குப் படுவது, முப்பத்திரண்டு மாதக் குட்டிக்கு ஒரு கோடையில் இவ்வளவு என்பது அதிகம்.

இனி, பந்தயம் ஏன் நின்றது என்ற கேள்விக்கு வருவோம். நடத்துவோர் சோர்ந்துவிட்டனர், தரம் தாழ்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். வென்ற குதிரைகளின் பட்டியலோ நேர்மாறாகப் பேசுகின்றது. 1992இல் ஸஃபானிக், 1994இல் பென்னகாம்ப். இரண்டும் அடுத்த ஆண்டு இரண்டாயிரம் கினியை வென்றவை. 1997இல் ஸார், 1998இல் நம் அல்ஜப்ர். 1999இல் ஜயன்ட்ஸ் காஸ்வே. அடுத்த ஆண்டு முதல்தரப் பந்தயங்கள் ஐந்தைத் தொடர்ந்து வென்று ‘இரும்புக் குதிரை’ எனப் பெயர் பெற்றது. இத்தகைய வென்றவர்களைத் தந்த பந்தயத்தை நலிந்தது என்று எவ்வாறு சொல்வது?

விடை அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. சலமாந்தரை வென்ற குதிரை அடுத்து எங்கே போயிற்று என்று பார்த்தோம். முன்பெல்லாம் அது அக்டோபரில் கிராந்த் கிரித்தேரியத்துக்குப் போகும். மை ஸ்வாலோ, பிளஷிங் குரூம், ஐரிஷ் ரிவர், ஹெக்டர் புரொடெக்டர், அராஸி எல்லாம் அவ்வாறே போயின. 1992 முதல் 2000 வரை ஒன்பது ஆண்டுகளில் இரண்டையும் வென்றது ரெவோக் ஒன்றே, அது 1996இல். ஸஃபானிக், பென்னகாம்ப், ஸார் மூன்றும் கடல் கடந்து நியூமார்க்கெட்டின் டியூஹர்ஸ்ட் பந்தயத்துக்குப் போய் அதை வென்றன. டியூஹர்ஸ்ட்டின் தூரமும் ஏறக்குறைய 1,400 மீட்டரே. ஒரே மாத இடைவெளியில் தூரத்தைக் கூட்டாமல் இன்னொரு பெரிய பரிசும் கிடைக்கின்றது. அடுத்த ஆண்டு இரண்டாயிரம் கினி நடக்கும் திடலும் அதுவே. ஏணியின் நான்காம் படியைக் காலி செய்துவிட்டு, குட்டிகள் பக்கத்து வீட்டு மாடிக்குத் தாவின.

பிரெஞ்சு நிர்வாகத்தார் இதற்குக் கண்ட மருந்து விசித்திரமானது. 2001இல் கிராந்த் கிரித்தேரியத்தின் தூரத்தை 1,600லிருந்து 1,400 மீட்டராகக் குறைத்தனர். 1,600 மீட்டர் ஓட விரும்பும் இளங்குதிரைகளுக்காக அதே ஆண்டு சேன்-குளு திடலில் ‘கிரித்தேரியம் இன்டர்நேஷனல்’ என்ற புதிய பந்தயத்தைத் தொடங்கினர். இப்போது 1,400 மீட்டருக்கு லோன்ஷானில் சில வார இடைவெளியில் இரண்டு முதல்தரப் பந்தயங்கள் நிற்க முடியாது. ஒன்று போக வேண்டும். கிராந்த் கிரித்தேரியத்துக்குப் பெயர் பெரிது, நாளும் பெரிது, பரிசும் பெரிது. சலமாந்தரை எடுத்துவிட்டனர். குறை இருந்தது நான்காம் படியில். எடுக்கப்பட்டது மூன்றாம் படி. 2000 செப்டம்பரில் வென்ற டொபக் என்பதே அதன் கடைசி வெற்றியாளர். அதுவும் அடுத்த மாதம் டியூஹர்ஸ்ட்டுக்குப் போய் வென்றது.

நிர்வாகத்தார் கணக்குக்கும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஒரே வகைக் குதிரைகளுக்கு நெருங்கிய நாட்களில் பல பெரும் பரிசுகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் நாலைந்து குதிரைகளே ஓடும். பார்ப்பவனுக்குச் சுவை குறையும். அதை ஒப்புகின்றோம். ஆனால் செப்டம்பர் என்ற ஒரு மாதம் குட்டிகளுக்கு வேண்டியிருந்தது. ஆகஸ்டில் 1,200, அக்டோபரில் 1,600 என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு வாங்கும் இடமாக அது இருந்தது. அந்த மூச்சுக்கான கணக்கை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை.

எஞ்சியவையும் முன்போல் இல்லை. கிராந்த் கிரித்தேரியம் 2003இல் ஷான்-லுயிக் லகார்தேர் என்னும் தொழிலதிபரின் பெயரை ஏற்றுக்கொண்டது; நூற்றைம்பது ஆண்டு விளங்கிய பெயர் போயிற்று. முதற்படியான பப்பேன் பரிசு முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டது. அது ஓடிய மெசோன்-லஃபீத் திடலே 2019இல் மூடப்பட்டது. பழைய இடத்தில், பழைய பெயரோடு, பழைய தூரத்தில் நிற்பது மோர்னி ஒன்றே.

நம் பக்கத்திலும் பந்தயத் திடல்களின் கதை இதே காலத்தில் வேறு வகையில் முடிந்துகொண்டிருந்தது. சென்னை கிண்டியில் 1777 முதல் குதிரை ஓடியதாகச் சொல்வர். மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896இல். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றிற்று. அவ்வழக்கு நீதிமன்றங்களில் இழுத்துக்கொண்டே போய், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது திறமையின்பாற்பட்ட ஆட்டம், சூதன்று என்று தீர்ப்பளித்தது. நம் சட்டவியலார் வகுத்த எல்லைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடைவெளி பெரிது. அதை இங்கு விரிக்கவில்லை. சட்டத்தால் நிற்காதது நிலத்தால் நின்றது. குத்தகைப் பாக்கி காரணமாக, 2024 ஜூனில் உதகமண்டலத்துத் திடலின் 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கிண்டி நிலத்துக்கு 1945இல் எழுதிய குத்தகையில் ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம்! அங்கே குளம் வெட்டவும் பூங்கா அமைக்கவும் அரசு முனைந்தது, வழக்குகளும் தொடர்ந்தன. ஊருக்குக் குளமும் மரமும் வருவதை யார் வெறுப்பார்? உதகையில் கோடைதோறும் ஓடிய இளங்குதிரைகளைப் பற்றித்தான் ஒருவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர் பந்தயத்தை நிறுத்தினாலும் பட்டியலை விடவில்லை. 1872இல் தொடங்கிய வரிசை அவர்களிடம் இருக்கின்றது. நம்மிடம் குத்தகைப் பத்திரம் இருக்கின்றது.

2001 செப்டம்பரில் சொல்தா வீட்டுக்குப் போனபோது அவர் நாளேட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார். அம்மாதத்து ஏடுகளின் முன்பக்கங்களில் என்ன இருந்தன என்பது உலகுக்குத் தெரியும். அவர் தேடியது கடைசிப் பக்கங்களில். “சலமாந்தரைக் காணோமே தம்பி” என்றார். அந்தப் பந்தயம் எடுக்கப்பட்ட செய்தி அவருக்கு எட்டவில்லை, நமக்கும்தான். அச்சுப் பிழையாக இருக்கலாம், அடுத்த கட்டில் வரும் என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து அவரே விவரம் அறிந்து சொன்னார். அதன்பின் சில ஆண்டுகளே இருந்தார்.

அராஸியைப் பற்றி அவர் கேட்காமல் போன செய்தி ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அக்குதிரை பல நாடுகளில் குட்டிகளுக்குத் தந்தையாகி, கடைசியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் ஓய்வு பெற்றது. 1989 மார்ச்சில் பிறந்த அது 2021 ஜூலையில் மடிந்தது. வயது முப்பத்திரண்டு. தான் வென்ற பந்தயம் நின்ற பிறகும் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தது.